முழங்கை வள்ளி

வள்ளியம்மாவுக்கு பஸ்ஸுல ஏறினா வாந்தி வரும். இதைத்தான் முதல்ல சொல்லணும். ஏன்னா அது சைக்கிள்காரி ஆனதுக்கு வேற காரணமே கிடையாது. பின்னாடி பேப்பர்காரங்க வந்து, சின்ன வயசிலேருந்தே இதுல ஆசையான்னு கேட்டாங்க. வள்ளியும் ஆமான்னு தலையாட்டுச்சு. சுத்தப் பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கம்பெனி பஸ்ல ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சு. பஸ்ஸை ஓட்டினவன் நான். கழுவுனவனும் நான்.

அது எண்பத்து நாலு. கடலுக்கு மேல பாலம் இன்னும் திறக்கல. வள்ளி வீடு அக்கரையில, பாகான் டாலாம்ல. புருஷன் வேலுவுக்குத் துறைமுகத்துல லோரிக்கு மூட்டை ஏத்துற வேலை. ஏத்தி முடிச்சதும் லோரி பின்பக்கத்தை ரெண்டு தட்டு தட்டி, "விடு"ம்பான். லோரி கெளம்பிடும். வீட்டுலயும் அவன் அப்படித்தான், எது கெளம்பணும்னாலும் ஒரே வார்த்தை. கம்பெனி இக்கரையில, பாயான் லெப்பாஸ்ல. ரேடியோவுக்கு உள்ள வைக்கிற பொடிப் பொடி சாமான் செய்யுற இடம். பேரு வேணாம், எனக்கு இன்னும் அங்கதான் சோறு.

ரெண்டாம் நாள்லேருந்து வள்ளி பஸ்ஸுல ஏறல. அப்பன் வச்சிருந்த பழைய ஆம்பள சைக்கிள், நடுவுல கம்பி போட்டது, அதைத் தள்ளிக்கிட்டு பெரியில, அதான் கடலைத் தாண்டுற படகுல, ஏறும். இந்தப் பக்கம் எறங்குனதும் பத்து மைல் மிதிச்சு கம்பெனிக்கு வரும். நானும் அதே நேரத்துக்குத்தான் பெரி வந்து நிக்கிற ஜெட்டியிலேருந்து பஸ்ஸை எடுப்பேன். ஜெலுத்தோங் ரோட்டுல ஜாம். நாப்பது பொம்பளைங்களோட நான் நின்னுக்கிட்டு இருப்பேன், பக்கத்துல பாவாடைக்கு உள்ள சிலுவார்னு காச்சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு வள்ளி போவும். பஸ்ஸுல இருக்கிற அத்தனையும், "அண்ணே, வள்ளி போவுதுலா"ன்னு சொல்லிச் சிரிக்கும். நான் கேட்டுக்குள்ள நுழையறப்ப அது கார்டு அடிச்சுட்டு, கேண்டீன்ல உக்காந்து பசியாறிக்கிட்டு இருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு வருஷம். டிரைவருன்னு லைசன்ஸ் வச்சிருக்கிற ஒருத்தனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

எரிஞ்ச வயித்தோட நான் போய்ப் பொலம்புற இடம் சூலியா தெருவுல ஷேக் அலாவுதீன் சைக்கிள் கடை. ஷேக் நானா ஒரு காலத்துல ஸ்டேட்டுக்காக சைக்கிள் ரேஸு ஓட்டினவரு. முட்டி போச்சு, கடை வச்சுட்டாரு. நான் வள்ளியைப் பத்திக் குறை சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அவரு டயரைக் கீழ வச்சுட்டு, "பத்து மைலா? எத்தனை நிமிஷம்? எந்த சைக்கிள்?"னு கேட்டாரு. அப்புறம்தான் எனக்குச் சேதி தெரிஞ்சது. எங்க கம்பெனி பெரிய மேனேஜர் ஒரு யோசனை வச்சிருந்தாரு. அவரு ஊர்ல பொம்பளைங்க டீம் வச்சு ரோட்டுல சைக்கிள் ரேஸ் ஓட்டுவாங்களாம். கம்பெனிப் பேரைச் சட்டையில போட்டுக்கிட்டு இங்கயும் அஞ்சு பொம்பளைங்க ஓட்டணும்னு ஆசைப்பட்டு, நானாவைத்தான் கோச்சா வரச்சொல்லிக் கேட்டிருக்காரு. ஆகக்கூடி வள்ளியைக் காட்டிக் குடுத்தது நான்தான்.

எண்பத்தெட்டுல டீம் ஆரம்பிச்சது. வள்ளி, சித்தி ஹாஜரா, ரெண்டு சீனப் புள்ளைங்க, அப்புறம் ஞானாம்பிகை. மெஷின் வேலை கிடையாது. காலையில அறுபது மைல் மிதிக்கணும், சாயங்காலம் காலை நீட்டணும், மாசம் பொறந்தா சம்பளம். பாகான் டாலாம் இதை நம்பவே இல்ல. வேலுவோட அக்கா மீனாட்சி, அதான் வள்ளிக்கு நாத்தனார், ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கு. அது என்கிட்டயே கேட்டுச்சு. "சைக்கிள் ஓட்டுறதுக்குச் சம்பளமா? எங்க வீட்டுக்காரரு நல்லாத் தூங்குவாரு. அதுக்கு ஒரு கம்பெனி இருந்தா சொல்லுங்கண்ணே."

பஸ்ஸை இன்னொருத்தன்கிட்ட குடுத்துட்டு, என்னை டீம் வேனுக்குப் போட்டாங்க. ரேஸுல புள்ளைங்களுக்குப் பின்னாலயே வேன் போவும். பக்கத்து சீட்டுல நானா, பின்னால ஸ்பேர் சக்கரம், தண்ணி போத்தல். என் ஜன்னல் எப்பவும் தொறந்தே இருக்கும். ஊர்க்கதை உள்ள வர்றதும் வெளிய போறதும் அந்த ஜன்னல் வழியாத்தான்.

இப்ப ஞானாவைப் பத்திச் சொல்லணும். யாழ்ப்பாணத்துக்காரங்க. அப்பா அம்பிகைபாகன், கவர்மெண்டுல பெரிய கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. பூலாவ் தீக்குஸ்ல வீடு. ஞானா இங்கிலீஷ் ஸ்கூல் படிச்சு, எங்க கம்பெனி மாடியில ஏர்கோன் ரூம்ல டைப் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்ல புள்ளதான், யாரையும் ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் வள்ளிக்கு இன்னும் எரிச்சல். திட்டுனாலாவது திருப்பித் திட்டலாம்.

சைக்கிள் ரேஸுல ஒரு வெவகாரம் இருக்கு. முன்னாடி போறவ காத்தை ஒடைச்சுக்கிட்டுப் போவா. அவ முதுகுக்குப் பின்னால ஒரு முழம் விட்டு வர்றவளுக்குக் காத்தே கிடையாது, பாதி பலம் மிச்சம். டீம்னா ஒருத்தி காத்து மறைக்கணும், இன்னொருத்தி பின்னாலயே பத்திரமா வந்து, கடைசி இருநூறு மீட்டர்ல வெளிய பாஞ்சு ஜெயிக்கணும். யாரு மறைக்கிறது, யாரு பாயுறதுன்னு நானா ஒரு வாரம் ஓட்டிப் பாத்துதான் முடிவு பண்ணாரு. வள்ளி நாள் பூரா ஒரே வேகத்துல போவும், ஆனா திடீர்னு பாயத் தெரியாது. ஞானாவுக்கு அந்தப் பாய்ச்சல் மட்டும்தான் தெரியும். ஆகவே வள்ளி காத்து மறைக்கிற ஆளு. பின்னால ஞானா ஒட்டிக்கிட்டு வருதான்னு நூறு கெஜத்துக்கு ஒருக்கா திரும்பித் திரும்பிப் பாக்கணும். அதுவும் வேலைதான்.

மத்த டீமுக்குப் புரியாம இருக்க, நானா எல்லாத்தையும் தமிழ்லயே கத்தச் சொல்லிட்டாரு. சீனப் புள்ளைங்க கூட தண்ணி, வா, மெல்லன்னு நாலஞ்சு வார்த்தை கத்துக்கிச்சுங்க. கடைசி இருநூறு மீட்டர்ல ஞானா பின்னாலேருந்து "விடு"ன்னு சொல்லும். உடனே வள்ளி எடது பக்கம் ஒதுங்கி எடத்தை விட்டுடணும். ஞானா போயிடும்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் தீவைச் சுத்தி ஒரு பொம்பளைங்க ரேஸு. பாடாங் மைதானத்துல ஆரம்பிச்சு, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், மலையேறி பாலிக் பூலாவ், எறங்கி பாயான் லெப்பாஸ், ஜெலுத்தோங், திரும்பவும் பாடாங். எண்பத்தெட்டுலேருந்து தொண்ணூத்தொண்ணு வரைக்கும் நாலு வருஷமும் ஞானாதான் முதல். நாலு வருஷமும் பேப்பர்ல படம். ஞானா ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, வாயெல்லாம் பல்லு. படத்தோட வலது ஓரத்துல, ஒதுங்கிப் போற ஒரு முழங்கை. அந்த முழங்கைதான் வள்ளி.

மீனாட்சி அந்தப் படத்தை ஒவ்வொரு வருஷமும் வெட்டி அலமாரிக் கதவுல ஒட்டிச்சு. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட, "எங்க தம்பி பொண்டாட்டி"ன்னு அந்த முழங்கையைத் தொட்டுக் காட்டும். மூணாவது வருஷம், "முழங்கை கொஞ்சம் எளைச்சிருக்குது, சரியாச் சாப்புடுறது இல்ல போல"ன்னு வேற சொல்லுச்சு. பாகான் டாலாம் பூரா முழங்கை வள்ளின்னா தெரியும். வள்ளியம்மான்னு கேட்டா எந்த வள்ளியம்மாம்பாங்க.

வள்ளி வெளிய சிரிச்சுக்கும். எரியுறதெல்லாம் என் ஜன்னல்லதான். டீமுக்குத் தண்ணி தூக்குறதும் அதோட வேலை. மெதுவாப் பின்னால வந்து வேன் பக்கத்துல ஓட்டும், நான் போத்தலை நீட்டுவேன். போத்தலோட ஒரு முனையை அது பிடிச்சிருக்கும், மறு முனையை நான் விடமாட்டேன். வேனே அதைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டுப் போவும். தப்புதான். நானா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தைப் பாத்துக்குவாரு. அந்த அரை நிமிஷம் வள்ளிக்கு ரெஸ்ட்டு, எனக்குச் சேதி.

அந்த அரை நிமிஷத்துல அது ஞானாவோட காலுச் சப்பாத்தைப் பத்திச் சொல்லும், சிங்கப்பூர்லேருந்து வந்ததாம். ஞானாவுக்குத்தான் முதல்ல கால் பிடிச்சு விடுறாங்கன்னு சொல்லும். போத்தல் குடுத்தா தேங்க்யூங்குதாம், அந்தத் தேங்க்யூவைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருதாம். ஒரு தடவை ரேஸு முடிஞ்சு சட்டை மாத்துறப்ப, வள்ளி ஞானா சட்டையைத் தொட்டுப் பாத்திருக்கு. என்கிட்ட வந்து, "காஞ்சு கெடக்குதண்ணே"ன்னுச்சு. தன் சட்டையைப் பிழிஞ்சு காட்டுச்சு. சொட்டுச் சொட்டா என் சப்பாத்து மேல விழுந்துச்சு. 

தொண்ணூத்திரண்டுல மேனேஜர் புதுசா ஒண்ணு சொன்னாரு. இந்த வருஷம் ரேஸுல ஜெயிக்கிற புள்ளையோட படம் அடுத்த வருஷம் கம்பெனிக் காலண்டர்ல வரும். மேல பெரிய படம், கீழ மாசத் தாளு. படம் வருஷம் பூரா தொங்கும். மூவாயிரம் பேருக்கு ஓசி. பாகான் டாலாம்ல மட்டும் எங்க ஆளுங்க வீடு ஒரு நாப்பது இருக்கும். மீனாட்சி மவளும் எங்க கம்பெனிதான். அதாவது மீனாட்சி வீட்டுச் செவுத்துலயும் தொங்கும்.

இதை நான்தான் முதல்ல வள்ளிகிட்ட சொன்னேன். அப்ப அதுக்கு முப்பத்தொரு வயசு. ரெண்டு மூணு சின்னப் புள்ளைங்க டீமுக்கு வரக் காத்துக்கிட்டு இருந்துச்சு, அடுத்த வருஷம் அதுக்கு எடம் இருக்குமோ இருக்காதோ. போத்தலைச் சைக்கிள்ல செருகிக்கிச்சு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "படத்தை முழுசாப் போடுவாங்களா, ஓரத்தை வெட்டிப் போடுவாங்களா?"

அந்த வருஷம் ரேஸு லீவு நாள்ல விழுந்துச்சு. வேலு முதல் தடவையா பாக்க வந்தான். தனியா வரல, துறைமுகத்து ஆளுங்க பன்னண்டு பேரு, ஒரு தப்பு மேளம், எல்லாரும் பெரியில ஏறி வந்துட்டானுங்க. மணிக்கூண்டு வளைவு தாண்டி, கடைசி நேர் ரோட்டுல, முடியுற எடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால நின்னுக்கிட்டானுங்க. ஒருத்தனுக்கும் காத்து வெவகாரம் தெரியாது. முன்னாடி போறவதான் ஜெயிக்கிறவ, அவ்வளவுதான் அவனுங்களுக்கு.

மலை வரைக்கும் ரேஸு வழக்கம்போலத்தான். எறக்கத்துல பேராக் டீம் புள்ள ஒண்ணு தனியாப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பாயான் லெப்பாஸ்லேருந்து வள்ளி தனியாளா இழுத்து அதைப் பிடிச்சுச்சு, பின்னால ஞானா. எங்க கம்பெனி கேட்டைத் தாண்டறப்ப ஷிப்டு புள்ளைங்க எல்லாம் வேலியில தொங்கிக்கிட்டு, "வள்ளியக்கா, வள்ளியக்கா"ன்னு கூப்பிட்டுச்சுங்க. கடைசியாத் தண்ணிக்கு வந்தப்ப அது மூஞ்சி உப்புப் பூத்து வெள்ளையா இருந்துச்சு. போத்தலைப் பிடிச்சுச்சு, ஆனா இழுக்க விடல. "விடுங்கண்ணே"ன்னு போத்தலைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு. நானாகிட்ட சொல்லல.

மணிக்கூண்டு வளைவு. வள்ளி முன்னால, ஞானா அதுக்குப் பின்னால, பேராக் புள்ள ஞானாவுக்கு எடது பக்கத்துல. வலது பக்கம் கயிறு கட்டியிருக்கு. ஞானா வெளிய வரணும்னா வள்ளி ஒதுங்கணும், வேற வழி இல்ல. என் ஜன்னல் தொறந்திருக்கு. ஞானா கொரலு நல்லாக் கேட்டுச்சு.

"விடு."

அதே நேரத்துல ஓரத்துலேருந்து தப்புச் சத்தம், பன்னண்டு பேரு கொரலு. அதுல வேலு கொரலு தனியாத் தெரிஞ்சுச்சு, லோரியைத் தட்டி அனுப்புற அதே கொரலு.

"விடு வள்ளி, விடு."

வள்ளி ஒதுங்கல. தலையைக் குனிஞ்சுச்சு. பாயத் தெரியாத பொம்பளைன்னு சொன்னேனே, அன்னைக்கும் அது பாயல. இருந்த வேகத்தை விடாம அப்படியே கொண்டு போச்சு, அவ்வளவுதான். ஞானா திரும்பவும் "விடு"ன்னுச்சு, மூணாவது தடவையும் சொல்லுச்சு. அப்புறம் எப்படியோ ஒரு சந்துல நுழைஞ்சு பாஞ்சு வந்துச்சு. அதுக்குள்ள கோடு வந்துடுச்சு. அரைச் சக்கரம். வள்ளி முதல், ஞானா ரெண்டாவது.

பக்கத்து சீட்டுல நானா. தொப்பியை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

மறுநாள் ஷேக் நானா கடையில விசாரணை. ஸ்டூல்ல வள்ளி, கதவுகிட்ட ஞானா, நான் டயருக்கு நடுவுல. நானா டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் கேட்டாரு, கொரலை ஒசத்தாமத்தான் கேட்டாரு.

"வள்ளி, ஞானா உன்கிட்ட என்ன சொன்னிச்சு?"

"விடுன்னுச்சு நானா. விட்டேன்."

"எடத்தை விடுன்னு அர்த்தம்."

"எங்க வீட்டுல வண்டியை விடுன்னு அர்த்தம்."

"நாலு வருஷமா அந்த அர்த்தம் எங்க போயிருந்துச்சு?"

"நாலு வருஷமா எங்க வீட்டுக்காரரு வரலியே."

நானாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதை மறைக்கத் திரும்பி எதையோ தேடுற மாதிரி நின்னாரு. சிரிப்பு அடங்குனதும் அவரு பங்குக்குக் கொஞ்சம் திட்டுனாரு. டீம்னா என்ன, வார்த்தைன்னா என்னன்னு. ஆனா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. மேனேஜர் காலையிலயே போன் பண்ணி, முதலும் நம்மது, ரெண்டாவதும் நம்மதுன்னு சந்தோஷப்பட்டிருக்காரு. அவருக்கு ரெண்டும் ஒரே சட்டைதான். ஞானா கதவுகிட்டயே நின்னுச்சு. தொங்கிக்கிட்டு இருந்த ஒரு சக்கரத்தை வெரலால சுத்தி விட்டுக்கிட்டே இருந்துச்சு.

வள்ளி வேணும்னு செஞ்சுதா, நெசமாவே புருஷன் கொரலைக் கேட்டுப் போச்சான்னு என்னை நெறைய பேரு கேட்டுட்டாங்க. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் சொல்லாம இருப்பேனா?

அன்னைக்கு ஞானாவை வீட்டுல விட நான்தான் வேனை ஓட்டிக்கிட்டுப் போனேன். பாதி வழியில, மூஞ்சியை ஜன்னல் பக்கம் வச்சுக்கிட்டே கேட்டுச்சு. "அண்ணை, இந்த அஞ்சு வருஷத்தில என்ர பேரைச் சொல்லி ஆராவது கத்தினவையோ?"

நான் யோசிச்சேன். ஞாபகம் வரல. கம்பெனி கேட்டுல வள்ளியக்கா. மணிக்கூண்டுல வள்ளி. அவங்கப்பா அம்பிகைபாகன் ஒரு ரேஸுக்கும் வந்ததில்ல. பொம்பளைப் புள்ள தொடை தெரிய அரைக்கால் சிலுவார் போட்டுக்கிட்டு ரோட்டுல போறதை எப்படி வந்து பாக்குறதுன்னு, ஒவ்வொரு ஆகஸ்ட் மாசமும் அன்னைக்குப் பாத்து அவருக்கு வயித்து வலி வந்துடும்.

"வள்ளியக்காவுக்கு தப்பு அடிக்க ஆக்கள் வருகினம்"னு மட்டும் சொல்லுச்சு ஞானா. அப்புறம் எறங்கிப் போயிடுச்சு. தேங்க்யூ சொல்லல. அதுதான் முதல் தடவை.

இந்த மாதிரிச் சேதியை வயித்துல வச்சுக்கிட்டு என்னால தூங்க முடியாது. மறுநாள் காலையிலயே வள்ளியைத் தேடிப் போய்ச் சொன்னேன். ஞானாவுக்கு உன் மேல பொறாமைன்னு. வள்ளி சைக்கிளைத் தொடைச்சுக்கிட்டு இருந்துச்சு, துணி அப்படியே நின்னுடுச்சு.

"நெசமாவா?"

ஆமான்னேன்.

"என் மேலயா? நெசமாவா?"

கப்பு வாங்குனப்ப கூட அது மூஞ்சி அப்படி இல்ல. அன்னைக்குப் பூரா மத்த புள்ளைங்களுக்குத் தண்ணி அது காசுல, குளிர்ந்த சோயா பால் வேற.

அந்தச் சந்தோஷம் டிசம்பர் வரைக்கும் இருந்துச்சு. டிசம்பர்ல காலண்டர் வந்துச்சு.

மூவாயிரமும் பெட்டி பெட்டியா வந்து எறங்குச்சு. முதல் பெட்டியைப் பிரிச்சது நான்தான். பிரிச்சதும் திரும்பவும் மூடிடலாமான்னு தோணுச்சு. படம் முழுசாத்தான் போட்டிருந்தாங்க, ஓரம் வெட்டல. நடுவுல கோடு. கோட்டு மேல வள்ளி. உடம்பு முழுக்க இருக்கு, காலு, கையி, கம்பெனிப் பேரு எல்லாம் இருக்கு. ஆனா தலை மட்டும் பின்பக்கம் திரும்பியிருக்கு. அஞ்சு வருஷப் பழக்கம், ஞானா ஒட்டிக்கிட்டு வருதான்னு திரும்பிப் பாத்திருக்கு. கோட்டைத் தாண்டுற அந்த நேரத்துலயும். படத்துல வள்ளி மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒரு ஹெல்மெட்டு, ஒரு பின்னலு, பின்னல் நுனியில செவப்பு ரிப்பன். அதுக்குப் பின்னால, கேமராவை நேராப் பாத்துக்கிட்டு, பளிச்சுன்னு ஞானா மூஞ்சி.

மீனாட்சி அதை வாசலுக்கு எதிர்ச் செவுத்துலயே மாட்டிச்சு. தம்பி பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டிட்டு, "முழங்கை போயி இப்ப முதுகு வந்திருக்குது"ன்னு சொல்லுச்சு. "இப்படியே போனா எம்பேத்தி காலத்துல மூஞ்சி வந்துடும்லா."

வள்ளி வீட்டுக்கு நான் போனப்ப, காலண்டர் மேசை மேல கெடந்துச்சு. நடுவுல ஒரு மடிப்பு. என்னன்னு கேட்டேன். ஞானா பக்கத்தைப் பின்னால மடிச்சுப் பாத்துச்சாம். மடிச்சா வள்ளி மட்டும் இருக்கு, ஆனா எதையோ தொலைச்சுட்டுத் திரும்பித் தேடுற மாதிரி இருக்கு. வேலு பாத்துட்டு, "யாரைப் புள்ள பாக்குறே?"ன்னு கேட்டானாம். அதுக்கு அப்புறம் திரும்ப விரிச்சு வச்சுடுச்சு. மடிப்பு மட்டும் போவல.

அதோட விட்டிருக்கலாம். ஆனா மேனேஜர், டீம் புள்ளைங்க வீட்டுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டு காலண்டர் குடுத்துட்டு வரச் சொன்னாரு. ஞானா லீவுல இருந்துச்சு. நான் பூலாவ் தீக்குஸ் போனேன். அம்பிகைபாகன் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாங்குனாரு. விரிச்சுப் பாத்தாரு. பேப்பர்ல அரைக்கால் சிலுவாரோட அத்தனை படம் வந்தும் பாக்காத மனுஷன். இந்தப் படத்துல முன்னால வள்ளி ஒடம்பு மறைச்சுக்கிட்டதால ஞானாவோட மூஞ்சி மட்டும்தான் தெரியுது, காலு தெரியல. அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அவரே ஸ்டூலு மேல ஏறி, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டுனாரு. பக்கத்து வீட்டுல இருந்து வந்திருந்த ஒரு அம்மா, முன்னால போற புள்ள யாருன்னு கேட்டுச்சு.

ஐயா சொன்னாரு. "அது எங்கட மகளுக்குக் காத்து மறைக்கிற பிள்ளை."

அங்கேருந்து பாயான் லெப்பாஸ் வர அரை மணி நேரம் ஆவும். அந்த அரை மணி நேரமும், சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன். கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் வள்ளி எதிர்ல வந்துடுச்சு. என் மேல தப்பில்ல.

எல்லாத்தையும் கேட்டுச்சு. கேண்டீன்ல போய் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கிக்கிட்டு வந்து, வேன் கதவைத் தொறந்து, என் பக்கத்துல ஏறி உக்காந்துச்சு. அந்த முதல் நாளுக்கு அப்புறம் எட்டு வருஷத்துல அது ஒரு வண்டியில ஏறி நான் பாத்ததில்ல. பையை வாய்கிட்டப் பிடிச்சுக்கிட்டு, "எடுங்கண்ணே"ன்னுச்சு.

ஜெலுத்தோங்ல ஒரு தடவை, பர்மா ரோடு முனையில ஒரு தடவை. பூலாவ் தீக்குஸ்ல எறங்குனப்ப மூஞ்சி பச்சையா இருந்துச்சு. கொழாயில வாயைக் கொப்புளிச்சு, முந்தானை இல்லாததால சட்டைக் கையில தொடைச்சுக்கிட்டு, நேரா அந்த வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. நான் பின்னாலயே போனேன், போகாம இருக்க முடியுமா?

அம்பிகைபாகன் ஐயா கதவைத் தொறந்தாரு.

"ஐயா, நான் வள்ளியம்மா. பாகான் டாலாம். அந்தப் படத்துல முன்னால போற புள்ள நான்தான். மூஞ்சியப் பாத்துக்குங்க."

ஐயா பழைய கவர்மெண்டு கிளார்க்கு. எதையும் சரிபாக்காம ஒத்துக்க மாட்டாரு. வாங்கோ, இருங்கோன்னு மரியாதையா உள்ள கூப்பிட்டாரு. காலண்டரைப் பாத்தாரு. வள்ளியைப் பாத்தாரு. திரும்பவும் காலண்டரைப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு, ரொம்பப் பணிவாக் கேட்டாரு.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. கொஞ்சம் திரும்புங்கோ பாப்பம்."

நான் கதவு நெலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். இப்ப விழுந்தா விழும் ஒரு அறைன்னு நெனைச்சேன். ஆனா வள்ளி திரும்புச்சு. நெசமாவே அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுச்சு. அந்த நேரம் பாத்து, பின்னால சமையக்கட்டு வாசல்ல கையைத் தொடைச்சுக்கிட்டு ஞானா வந்து நின்னுச்சு. ஐயா இந்தப் பக்கம், ஞானா அந்தப் பக்கம், நடுவுல வள்ளி. மூஞ்சிக்கு மூஞ்சி. காலண்டர்ல இருக்கிறது அப்படியே அந்த ஹால்ல.

"ஓம் ஓம், இவதான்"னு சொன்னாரு ஐயா, பின்னலைப் பாத்துட்டு. "சரியா இருக்கு."

ஞானாவுக்கு மூஞ்சி செவந்து போச்சு. அப்பாவைப் பாத்து, "அப்பா, விடுங்கோ"ன்னுச்சு.

வள்ளி அது மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. 

"இது எந்த விடு ஞானா?"ன்னு கேட்டுச்சு.